மேலப்பொட்டலில் எதுவும் ராத்தங்கக் கூடாது

அக்கிராசனர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் கனவான்களே! தென்காசியிலிருந்தும் மேலகரத்திலிருந்தும் குற்றாலத்திலிருந்தும் நடந்தும் வண்டி கட்டியும் வந்திருக்கிற மகாஜனங்களே! ஓலைத் தட்டி ஓரமாக நிற்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் பஞ்சாயத்து போர்டு மெம்பரும், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவனுமான இந்தத் தங்கசாமியின் வணக்கம்.

நம் போர்டின் பிரசிடெண்டாக இருந்து, இந்த மேலப்பொட்டலுக்கு விதிகள் வகுத்து, கடைசி மூச்சுவரை இதைக் காத்து நின்ற கனம் ஆறுமுகநயினார் பிள்ளை அவர்களுக்காக இங்கே கூடியிருக்கிறோம். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைச் சிங்கம் என்றார்கள். அஞ்சா நெஞ்சர் என்றார்கள். பயம் என்பதையே அறியாதவர் என்றார்கள். இல்லை ஐயா, இல்லை! அண்ணாச்சி பயந்த மனுஷர். அவர் பயந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கினால், அவரைப் பற்றி ஒன்றுமே சொல்லாதவன் ஆவேன்.

நீங்கள் மட்டும் பயப்படாதவர்களா? எல்லோரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மேடையை இந்தப் பக்கம் போடச் சொன்னது யார் யோசனை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குப் பரவாயில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். பேச வந்தவன் நான், நேருக்கு நேர் அதைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டியிருக்கிறது! மேற்கு மூலையில், குற்றாலம் ரோட்டோரத்தில், சுண்ணாம்பு பூசி, சிவப்புத் துணி சுற்றி, சுடலைமாடனுக்கு என்று ஒரு பீடம் நிற்கிறது. நாம் அண்ணாச்சியைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போயிருந்த நேரத்தில் வந்த பீடம் அது. பீடம் நின்றுவிட்டால் சுற்றுச்சுவர் வரும். சுவர் வந்தால் கொட்டகை வரும். கொட்டகைக்குள்ளே நெல்மூட்டை வந்து இறங்கும். அப்புறம் பொட்டல் ஏது?

யார் வைத்தது? பேரைச் சொல்ல மாட்டேன். எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். பொட்டலுக்கு மேற்கே யாருக்கு நெல் குடோன் போட இடம் பற்றவில்லையோ அவரைக் கேளுங்கள். இன்றைக்கு அண்ணாச்சி படத்துக்கு வந்த மாலைகளில் பெரிய மாலை அவருடையதுதான்.

இந்தப் பொட்டல் யாருடையது? போர்டுடையதா? கோயிலுடையதா? மிட்டாதாருடையதா? ஊருடையது! செங்கோட்டையிலிருந்து பலாப்பழம் ஏற்றி வரும் வண்டிகள் மாடு அவிழ்ப்பது இங்கே. நெசவுக்காரர்கள் இளவெயிலில் பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுவது இங்கே. சாரல் காலத்தில் அருவிக்கு வருகிற ஏழைபாழைகள் கட்டுச்சோறு அவிழ்ப்பது இங்கே. வாசலில் நாலு இலை போட இடமில்லாதவன் கல்யாணப் பந்தி நடத்துவது இங்கே. அண்ணாச்சி பிரசிடெண்டாக வந்தபோது வடக்கே ஒருவர் வைக்கோல் படப்பு, தெற்கே ஒருவர் மாட்டுத்தொழுவம் என்று பொட்டல் குறுகிப் போய்க் கிடந்தது. படப்பைக் கலைத்தார், தொழுவத்தைப் பிரித்தார். பிறகு விதிகள் வகுத்தார்.

வண்டி நிற்கலாம், பாதையை மறிக்கக் கூடாது. பாவு விரிக்கலாம், வெயில் ஏறியதும் சுருட்டவேண்டும். பந்தல் போடலாம், பிடுங்கிய முளைக்குழியை மூடிவிட்டுப் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று, பொழுது அடைந்த பிறகு மேலப்பொட்டலில் எதுவும் ராத்தங்கக் கூடாது. வண்டியானாலும் சரி, வைக்கோலானாலும் சரி, வண்டிப்பேட்டைக்கோ வீட்டுக்கோ போய்விடவேண்டும். "எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு கறார்?" என்று போர்டில் நான் கேட்டேன். "ஏலே தங்கசாமி, ஒண்ணு ஒரு ராத்திரி இங்கன தங்கிச்சின்னு வையி, காலையில அதுக்கு வீட்டு நம்பர் கேட்டு ஆபீசுக்கு வருவானுவ" என்றார். விதிகளை எழுதி ஒரு பலகை நட்டு வைக்கலாம் என்று போர்டார் சொன்னோம். அதற்கும் சம்மதிக்கவில்லை. பலகையும் ராத்தங்குமே! மாதம் ஒரு தடவை தண்டோராப் போட வைத்தார்.

ஊருக்குத்தான் விதியா? அவர் மகள் சங்கரம்மாள் கல்யாணத்துக்குப் பந்தி இந்தப் பொட்டலில்தான் நடந்தது. பொழுது சாயப் போகிறது, கடைசிப் பந்தி இன்னும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே பந்தல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு வந்ததே கோபம்! "என்ன பிள்ளைவாள், எங்க ஆளுக பாயசத்துல கை வச்சிருக்கும்போதே கூரையைப் பிரிக்கீரு? இது கல்யாண வீடா, ஜப்தி வீடா?" என்று சத்தம் போட்டார். அண்ணாச்சி கயிற்றை விடாமலே, "சம்பந்தி, வேணும்னா உமக்கு நானே குடை பிடிச்சிட்டு நிக்கேன். நிதானமா சாப்பிடும். பந்தல் மட்டும் இருக்கக் கூடாது" என்றார். அந்தச் சம்பந்தி இதோ முன்வரிசையில் இருக்கிறார். அழாதீர்கள் ஐயா, அழாதீர்கள்.

இப்படி இருந்த ஊரில்தான் சென்ற ஐப்பசியில் ஒருநாள் காலையில் முதல் பீடம் முளைத்தது. முதல்நாள் மழை என்று ஒருவரும் வெளியே வரவில்லை. விடிந்து பார்த்தால் பீடம், துணி, அரளி மாலை, எரிந்த சூடம்! அன்றைக்கு நெசவுக்காரர்கள் பாவைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். கடையநல்லூர் பரீது பாய் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார். "என்ன பாய், உமக்கு என்ன பயம்?" என்றேன். "சாமி உங்க சாமிதான் ஏட்டையா. மாடு என் மாடுல்லா!" என்றார். சிரிக்கிறீர்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. பால் கறக்காத மாடும், பாதி ராத்திரியில் அழுத பிள்ளையும், எல்லாம் மாடன் கணக்கில் ஏறியது.

அண்ணாச்சி மாடனைக் கும்பிடாதவரா? அவர் குலதெய்வமே மாடன்தான்! கோயில் கொடை விழாவுக்கு ஒரு வருஷமும் தவறாதவர். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரியும். நம் பக்கத்தில் மாடனுக்குப் புதுப்பீடம் போட்டால் பழைய கோயிலில் கேட்டு, ஒரு பிடி மண் எடுத்து வந்து, அந்தப் பிடிமண்ணை வைத்துத்தான் போடுவது. அந்த மண்ணோடுதான் சாமி வருகிறது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. பணம் இருக்கிற அவசரத்தில் பெரிய மனுஷருக்கு மறந்துபோயிற்று. மேலகரத்து மாடன் கோயிலில் சாமியாடுகிற சங்கிலிப்பாண்டியிடம் அண்ணாச்சி என்னையும் அழைத்துக்கொண்டு போனார். "யாரும் ஒங்கிட்ட பிடிமண் கேட்டு வந்தாகளா?" என்றார். "ஒருத்தரும் வரலியே அண்ணாச்சி. என்கிட்ட கேக்காம எடுத்தா வெளங்குவானா?" என்றான். சுற்று வட்டாரத்தில் மற்றக் கோயில்களிலும் விசாரித்தோம். எங்கேயும் கொடுக்கவில்லை.

அப்படியானால் அது வெறும் செங்கல்தானே? பயம் போயிருக்கவேண்டுமே! போனதா? அன்றைக்கு நடந்து வரும்போது அண்ணாச்சி ரோட்டில் நின்றுவிட்டார். "தங்கசாமி, மண்ணு இல்ல, சரி. ஆனா சனங்க விழுந்து விழுந்து கும்பிடுதாகளே. கும்பிட்ட கும்பிடுக்குச் சாமி அங்கன வந்து இருந்துட்டாருன்னா?" என்று கேட்டார். கொலைக்குற்றவாளியின் கையில் விலங்கு மாட்டிய நான், அன்றைக்குப் பொட்டல் பக்கம் திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலையில் சிற்றாற்றில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு பொட்டலுக்கு வந்தார். ஊரே ரோட்டோரமாக நின்றது. பக்கத்தில் நான் மட்டும். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் முதல் செங்கல் நழுவிக் காலில் விழுந்தது. கும்பிட்டுவிட்டு, "ஐயா, நீரு இங்கன இல்லைன்னா இது செங்கல்லு. இருந்தீருன்னா உம்ம பிள்ளை நான், மன்னிச்சிரும். ஆனா இது எல்லாருக்கும் உள்ள இடம், நீரும் இங்க ராத்தங்கக் கூடாது" என்றார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் போர்டு ஆபீஸ் வாசலில் அடுக்கினார். உடையவர் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தண்டோராவும் போட்டார். ஒருவரும் வரவில்லை. அன்று மத்தியானமே பொட்டலில் வண்டிகள் மாடு அவிழ்த்தன.

இதையா பயமில்லாதவர் செய்தார்? பயமில்லாதவர் செய்திருந்தால் அதில் என்ன இருக்கிறது ஐயா?

அதன் பிறகு காய்ச்சல் வந்தது. மலைக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். இந்த வருஷம் நம் பக்கத்தில் காய்ச்சல் காணாத வீடு எது? ஆனால் ஊர் என்ன சொல்லிற்று? "மாடன் அடிச்சிட்டாரு" என்றது. கொய்னா மருந்தைக் குடிக்க வைத்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம் பார்வதியம்மாளின் காதுக்கும் அது போயிற்று. அந்த அம்மாள் கதவருகில் நின்று, "ஏட்டையா, நீங்கதான கூடப் போனிய. சொல்லுங்க, சாமி குத்தமா?" என்று கேட்டார். காய்ச்சல்தான் என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. உள்ளே படுத்திருந்த அண்ணாச்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னைக் கூப்பிட்டார். "தங்கசாமி, எனக்கும் பயமாத்தான்டே இருக்கு. காய்ச்சலோ, சாமியோ, நான் போயிருவேன்னு தோணுது. பொட்டலை விட்டுராதிய" என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

இப்போது இரண்டாவது பீடம். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. உங்களில் பலருக்குத் தெரியாது. நேற்று சங்கிலிப்பாண்டி என் வீட்டுக்கு ஓடி வந்தான். "ஏட்டையா, கோயில்ல பீடத்தடியில யாரோ மண்ணைத் தோண்டி எடுத்திருக்காக. என்கிட்ட கேக்கல" என்றான். பெரிய மனுஷர் இந்தத் தடவை மறக்கவில்லை! திருட்டுத்தனமாகப் பிடிமண் எடுத்து, அதன் மேல் பீடம் போட்டிருக்கிறார். திருடின மண்ணோடு சாமி வருவாரா என்று கேட்டேன். சாமியாடுகிறவனே, "எனக்குத் தெரியலையே ஏட்டையா" என்று அழுதான். அவனுக்கே தெரியாதென்றால் எனக்கு எப்படித் தெரியும்? போன தடவை செங்கல் என்று சொல்லிக்கொள்ளவாவது முடிந்தது. இந்தத் தடவை அதுவும் முடியாது. என் கையைப் பாருங்கள். நான் மறைக்கவில்லை.

அங்கே எழுந்திருக்கிறவர்கள் உட்காருங்கள்! சூரியன் இன்னும் மலைக்கு மேலேதான் இருக்கிறது. ஓடிப்போனால் மட்டும் வீட்டில் பயம் இருக்காதா?

எனக்கு முன்னால் பேசிய நண்பர் நல்லெண்ணத்தோடு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அண்ணாச்சி ஞாபகமாக இந்தப் பொட்டலில் ஒரு மண்டபம் கட்டவேண்டும் என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அட கடவுளே! கல்லும் மண்ணும் ராத்தங்கக் கூடாது என்று உயிரை விட்டவருக்குக் கல்லிலேயா மண்டபம்? அவர் மண்டபம் முதலில், அதற்குப் பக்கத்தில் அந்தப் பெரிய மனுஷரின் குடோன் அடுத்து, அப்படித்தானே? அந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். போர்டில் என் ஓட்டு அதற்கு இல்லை. ஒரு பெயர்க் கல்லுக்கும் இல்லை.

வேறு என்ன செய்வது? இப்படிப்பட்ட கூட்டங்களில், "அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கம். நான் பெரிய சபதம் செய்ய லாயக்கில்லாதவன். இன்று சாயங்காலத்துக்கு மட்டும் சொல்கிறேன். விதி என்ன சொல்கிறது? எதுவும் ராத்தங்கக் கூடாது. இந்தப் பந்தலைப் பந்தல்காரர் பிரிப்பார். நாற்காலிகளை நீங்கள் எடுப்பீர்கள். அண்ணாச்சி படத்தை அவர் சம்பந்தி கொண்டு போவார். அந்த மூலையில் இருப்பதை நான் எடுக்கிறேன்.

உடைக்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். களவு போன பொருளை உடையவர் வீட்டில் சேர்ப்பது போலீஸ்காரன் வேலை. செங்கல்லைப் போர்டு ஆபீஸில் அடுக்குவேன். அடியில் இருக்கிற மண்ணை என் துண்டில் முடிந்து மேலகரத்துக்கு நடந்து போய், எடுத்த இடத்திலேயே போட்டு, மாடன் காலில் விழுவேன். சங்கிலிப்பாண்டி, "கூட வருதேன், ஆனா தொட மாட்டேன்" என்றிருக்கிறான். அதுவே போதும். உங்களில் யாரையும் நான் கூப்பிடவில்லை. ரோட்டோரமாக நின்று பார்த்தால் போதும். கண்ணை மட்டும் மூடிக்கொள்ளாதீர்கள்.

மகாஜனங்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நம் பக்கத்தில் கொசு இன்னும் போகவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது. நாளைக்கோ, அடுத்த வாரமோ, எனக்கும் காய்ச்சல் வரலாம். படுத்தவன் எழுந்திருக்காமலும் போகலாம். அப்போது என் வீட்டு வாசலில் நின்று, மாடன் அடித்தார் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. மனதுக்குள் அப்படித் தோன்றினாலும் வாயைத் திறக்கக் கூடாது. இப்போது பயப்படுகிற மாதிரியே பயந்துகொண்டு, ஆனால் காய்ச்சல் என்று சொல்லுங்கள். என் பெண்டாட்டி கேட்டாலும் காய்ச்சல் என்று சொல்லுங்கள். நீங்கள் அப்படிச் சொன்னால்தான், மூன்றாவது பீடம் வருகிற அன்றைக்கு எனக்குப் பின்னால் இன்னொருவன் வருவான்.