இழு... விடு...

பாருடா இந்த நர்ஸம்மாவை! 'நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க'ங்கறாங்க. என்னை! இருபத்தாறு வருஷம் ஸ்கூல்ல டிரில் டீச்சர். அறுநூறு பிள்ளைங்களை ஒரே விசில்ல நிக்க வச்சவ. கூடப் பொறந்த தம்பிக்கு மூச்சு விடச் சொல்லிக்குடுக்க எனக்குத் தெரியாதா? ...தலையை ஆட்டாதே. குழாய் இடிக்கும்.

முந்தாநாள் டாக்டர் என்ன சொன்னார்? 'நிமோனியா நல்லாவே குறைஞ்சிடுச்சும்மா. பதினோரு நாளா மெஷின்தான் இவருக்காக மூச்சு விட்டுது. இப்ப அதோட உதவியைக் குறைக்கறோம். அரைமணி நேரம் நிதானமா அவரே விட்டுட்டார்னா குழாயை எடுத்துடலாம்'னார். அரைமணி! ஸ்கூல்ல ஒரு பீரியட்கூட அதைவிட ஜாஸ்தி. நீ பத்தாவது நிமிஷமே இரைக்க ஆரம்பிச்சிட்டே. மானிட்டர்ல மூச்சு நிமிஷத்துக்கு நாப்பது. மெஷின் வேற கீகீன்னு ஊரைக் கூட்டுது. நேத்தும் அதே கதை.

இத்தனைக்கும் நான் எங்கேயாவது நகந்தேனா? உன் பொண்டாட்டி மாதிரி வராந்தாவுல உக்காந்து மூக்கைச் சிந்தினேனா? தலைமாட்டுலயே நின்னு, கைதட்டி எண்ணிக்கை குடுத்தேன். தொண்டையே கட்டிப்போச்சு. யாராவது 'பாவம், இந்தம்மா'ன்னாங்களா?

இன்னிக்கும் முடியலைன்னா கழுத்துல ஓட்டை போட்டு, அதுவழியா குழாய் வைப்பாங்களாம். அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தண்ணிகூட இறங்கலைடா... சரி, சரி, அழலை. யார் அழறா?

இந்தா, குறைச்சிட்டாங்க. மணி பத்து அஞ்சு. நிமிந்து படு. ரெடி! இழு, விடு! இழு, விடு! முகத்தைச் சுளிக்காதே. இழு, விடு! அந்த மானிட்டரைப் பாரு, இருபத்தெட்டு... இழு, விடு!... முப்பத்திரெண்டு. ஏண்டா ஏறுது? சொன்ன பேச்சைக் கேட்டாத்தானே! இழு, விடு! முப்பத்தாறு! ஐயோ...

என்ன, பென்சிலா? மூணு நாளா இதே வேலை உனக்கு. மூச்சு விடுடான்னா கடுதாசி எழுதறான்! கண்ணாடி இல்லாம எனக்குக் கிட்டத்துல ஒரு எழுத்தும் தெரியாதுன்னு தெரியுமில்ல? அது வீட்டுல கிடக்கு. நேத்து எழுதினது, முந்தாநாள் எழுதினது எல்லாம் என் கைப்பையிலதான் பத்திரமா இருக்கு.

நர்ஸம்மா, இங்க வாங்க, இவன் என்ன கிறுக்கியிருக்கான்னு படிங்க. ...ஏன் சிரிக்கறீங்க? உரக்கப் படிங்க.

என்னது? 'அக்கா ரொம்ப வேகமா எண்ணறா. என்னால ஈடுகுடுக்க முடியலை. நிறுத்தச் சொல்லுங்க.'

...இருங்க. பையில இருக்கறதையும் பாருங்க. இது நேத்தைக்கு. 'அக்கா, மெதுவா.' இது? முந்தாநாள். இதுவும் 'மெதுவா'வா?

நிமிஷத்துக்கு நாப்பது தடவை எண்ணறேனா? நானா?

ஏண்டா மடையா, நான் தப்பா எண்ணினா நீ ஏண்டா கேக்கறே? உன் பாட்டுக்கு மூச்சு விடவேண்டியதுதானே! நாப்பத்தெட்டு வயசாச்சு, இன்னுமா... ஏன் காதைத் தொட்டுக் காட்டறே?

ஆமாமா. சொன்னதைக் கேக்கலைன்னா காதைத் திருகினவ நான்தான். ஞாபகமிருக்கு.

சரி. எண்ணலை. கைதட்டலை. பாரு, ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டேன். ஸ்டூல்ல உக்காந்தாச்சு. வாயை மூடியாச்சு.

...

...முப்பத்தொண்ணு.

...

...இருபத்தஞ்சு. நர்ஸம்மா, இருபத்தஞ்சு! சரி, சரி, பேசலை.

...

மணி பத்தரை. இன்னும் அஞ்சு நிமிஷம்தான். இருபத்தொண்ணு. சிரிக்காதேடா, ஏறிடும்! உன் வேகத்துலயே போ. நீ முன்னால போடா... அக்கா பின்னால வரேன்.