ரெட் அம்ப்ரெல்லாவின் கடைசி அசல் ஆளுக்கு

ஹோ சி மின் நகரத்து ரெட் அம்ப்ரெல்லா ராக் இசைக்குழுவின் டிரம்மர், உயர்திரு ரேமோன் அவர்களின் பணி நிறைவு விழாவில், 2014 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் மாலை நான்கு மணிக்கு வாசித்து அளித்த மடல்

தாளத்தின் தலைமகனே! தடுமாறாத் தண்டவாளமே! கோலெடுத்தால் கூடம் குலுங்கச் செய்த கொற்றவரே!

தாங்கள் கோலைக் கீழே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்ட நாள்முதல் கூடம் குலுங்கவில்லை. எங்கள் குலைதான் நடுங்குகிறது. பாராட்டு மடலில் பயத்தைக் காட்டக் கூடாது என்பது முறை. முறைப்படி மூன்று தடவை எழுதிப் பார்த்துத் தோற்றுப்போனோம். ஆகவே பாராட்டும் பயமும் கலந்தேதான் வரும், பொறுத்தருள்க.

காதால் கேட்டால் கடைசிச் சொல் வரை தமிழ் புரியும் தங்களுக்கு, எழுத்தைக் கண்டால் மட்டும் புழு நெளிவதாகத் தெரியும். சைகோனில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காரைக்கால் வீட்டுப் பிள்ளைக்கு அது குற்றமில்லை. அதனால்தான் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுக்கும் முன் உரக்க வாசித்துவிடுகிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில், சைகோனின் சீனப் பகுதியான சோலோனில் ஒரு குடைக்கடையின் மாடியில் கூடிய ஐவரில் ஒருவராய் அமர்ந்து, வாசலில் தொங்கிய சிவப்புக் குடையையே பெயராக்கி, அப்பெயரைப் பெரிய டிரம்மின் தோலில் எழுதி மேடை ஏறியவரே! போர் முடிந்து ஆட்சி மாறிய எழுபத்தைந்து ஏப்ரலுக்குப் பிறகு ராக் என்ற சொல்லை இந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூவர் அடுத்தடுத்து விமானம் ஏறினார்கள். தாங்கள் ஏறவில்லை. பெயர் எழுதிய தோல் தரையைப் பார்க்க, பெரிய டிரம்மைக் கவிழ்த்து, மேலே விரிப்பைப் போட்டு, பதினைந்து ஆண்டு அதன்மேல் சோறு தின்றீர்கள். தொண்ணூறில் கிட்டார்க்காரர் அகுஸ்தேனும் தாங்களும் அதை மறுபடி நிமிர்த்தி, டோங் டு தெருவுக்குப் பக்கத்தில் இதே உணவகத்தின் மாடியில் வாசிக்கத் தொடங்கினீர்கள். தொண்ணூற்றைந்தில் அகுஸ்தேனும் பிள்ளைகளோடு இருக்க லியோனுக்குப் போய்விட்டார். அன்றுமுதல் இந்த மேடையில் அசல் ஐவருக்கும் சேர்த்து ஆள் தாங்கள் ஒருவரே.

இனித் தங்கள் குணங்களில் தலையாயதைச் சொல்ல வேண்டும். ஐவரும் சேர்ந்து கட்டிய சொந்தப் பாட்டு ஒன்றே ஒன்று, மழைப் பாட்டு. மற்றவையெல்லாம் ஊரார் பாட்டு. மழைப் பாட்டின் நடுவே பதினாறு சுற்று அகுஸ்தேனின் கிட்டார் மட்டும் தனித்துப் பேசும். அவர் போனபின் அந்தப் பதினாறு சுற்றைத் தாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. பாட்டு அங்கே வந்ததும் நாங்கள் கையை எடுத்துவிடுவோம். தாங்கள் மட்டும் தலையைக் குனிந்து சிம்பலில் டிக் டிக் என்று எண்ணுவீர்கள். முழுதாக அரை நிமிடம். வெற்றிடத்துக்கும் விலாசம் காத்த வித்தகரே, போனவர் இருக்கையைப் பூட்டி வைத்த புண்ணியரே, இப்படி ஒரு மரியாதையை வேறெந்தக் குழுவிலும் நாங்கள் கண்டதில்லை.

அந்த அரை நிமிடம் எப்படி இருக்கும் என்பதை அகுஸ்தேன் இடத்துக்கு வந்த பக்கீர் மைதீனைத்தான் கேட்க வேண்டும். டான் சோன் நாட் விமான நிலையத்துச் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது ஆண்டாகச் சனிக்கிழமைதோறும், கழுத்தில் கிட்டாரை மாட்டிக்கொண்டு, மேடையின் நட்டநடுவில், கையைத் தொங்கவிட்டபடி நிற்கிறார். பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியுமா? வயர் கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். ஒரு தடவை பரிமாறுகிற பையன் ஒருவன் ஓடிவந்து, அவர் காலடியில் மண்டியிட்டு பிளக்கைத் தேடினான். ஆஸ்திரேலியக்காரர் ஒருவர் அனுதாபத்தோடு கைதட்டிவிட்டுப் போனார். பக்கீர் மைதீன் அசட்டுச் சிரிப்போடு நின்றாரே தவிர, கம்பியில் விரல் வைக்கவில்லை.

எப்படி வைப்பார்? முதல் நாள் ஒத்திகையில் அந்த இடம் வந்தபோது அவர் கை தானாக நின்றது. பெரியவர் வாசித்த இடம், கேட்காமல் தொடலாமா என்று ஒரு நொடி தயங்கினார். தாங்கள் அதட்டவில்லை. வாசி என்று சொல்லவும் இல்லை. தலையைக் குனிந்து எண்ணினீர்கள். இது தொடக் கூடாத இடம் போலிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். அதைப் பற்றி இருவரும் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் லியோனிலிருந்து அகுஸ்தேனின் சாவுச் செய்தி வந்தது. இனி நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்று பக்கீர் மைதீன் முடிவு கட்டிவிட்டார்.

அடுத்து எழுதுவது அவருடைய அனுமதியோடு எழுதுவதல்ல, அவர் வீட்டம்மா அமீர் நிஷாவின் அனுமதியோடு எழுதுவது. நினைத்துப் பார்க்கக் கூடாத அந்தப் பதினாறு சுற்றை, பழைய கேசட்டைப் போட்டுக் கேட்டுப் பாடம் பண்ணி, தினமும் விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்து வந்ததும், பிளக்கே சொருகாமல், அடுப்படி வாசலில் உட்கார்ந்து வாசிக்கிறார். பத்தொன்பது ஆண்டாக.

"ஆணம் காய்ச்சும்போது என் வாய் தன்னால அதை முணுமுணுக்குது தம்பி. வாசிக்கிறவருக்கு மேடை இல்ல, கேக்குற எனக்குத் தப்பிக்க வழி இல்ல" என்று அந்த அம்மா, இதை வாசிக்கும் கீபோர்டு சுப்புராமனிடம் சொன்னார்.

ஐயா, இப்படிப்பட்டவர் தலையில்தான் இப்போது எல்லாம் வந்து விழுந்திருக்கிறது. தோள்வலி தாங்கவில்லை, இந்த மாதத்தோடு சரி என்று தாங்கள் சொன்ன மறுநாளே உணவக மேலாளர் வந்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் வாசல் பலகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம். அதில் என்ன பெயர்? தங்களுக்கு அடுத்தபடி பழைய ஆள் பக்கீர் மைதீன்தான், அவரே சொல்லட்டும் என்று நாங்களும் கழன்றுகொண்டோம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒசாகாவுக்குப் போக வேண்டிய இறால் பெட்டிகளுக்கு ஓஸ்லோ சீட்டை ஒட்டிவிட்டார். பக்கத்து மேசைக்காரர் பார்த்ததால் இறால் பிழைத்தது.

அவர் யாரிடம்தான் கேட்கவில்லை? முதலில் ரோசாலி அம்மாவிடம் போனார். எழுபத்து மூன்றிலிருந்து ஒரு கச்சேரி விடாமல் கேட்கிற பாண்டிச்சேரி அம்மா, ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை. அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அஞ்சு பேர்ல ஒருத்தரும் இல்ல. அப்புறம் என்ன ரெட் அம்ப்ரெல்லா? சாறு இல்லாத ஃபோ நூடுல்ஸை ஃபோன்னு விக்கலாமா? நீங்க நல்லா வாசிக்கிறீங்க, நான் இல்லேங்கல. வேற பேர் வச்சுக்குங்க."

முகம் செத்து வீட்டுக்கு வந்தவரை அமீர் நிஷா பிடித்துக்கொண்டார். "நம்ம டோங் டு பள்ளியைக் கட்டுனவங்க ஒருத்தராவது இப்ப இருக்காங்களா? ஜும்ஆ நின்னு போச்சா?"

"பள்ளிவாசலும் ராக் கச்சேரியும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னு நான் சொல்லல. பூட்டலையேன்னுதான் சொல்றேன்."

இரண்டும் சரியாகவே பட்டது, அதுதான் அவருக்கு வேதனை. போதாக்குறைக்கு, தங்கள் இடத்தில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கும் மாதலேன் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டார். சோலோனில் பொத்தான் கடை வைத்திருப்பவர், எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டார். "மழைப் பாட்டுல அந்தப் பதினாறு சுத்துக்கு நான் எண்ணணுமா, வேணாமா? ரேமோன் அண்ணனும் போனவங்க வரிசைல சேந்துட்டா, நானும் கையை எடுத்துடணும்தானே?"

நியாயம்தானே. இன்று டிரம் நின்றால் நாளைக்கு கீபோர்டு நிற்கும், நாளன்றைக்குப் பாட்டுக்காரி நிற்பார். கடைசியில் மழைப் பாட்டு என்று அறிவித்துவிட்டு, நாலு பேர் மேடையில் கையைக் கட்டி நின்று கும்பிட்டு இறங்குவதாக முடியும். பக்கீர் மைதீன் இதைச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. தாங்கள் மறுத்துவிடுவீர்களோ என்பதல்ல அவருடைய பெரிய பயம். எங்கள் முகத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைதோறும் வீட்டிலிருந்து மனம் நோவீர்களோ என்பதுதான். தங்களிடம் நேரே கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அதனால் மடல் கேட்கிறது.

ரெட் அம்ப்ரெல்லா என்ற பெயர் இருக்கட்டுமா, இறங்கட்டுமா? அந்தப் பதினாறு சுற்றை இனி யார் எண்ணுவது? தங்கள் வாயால் வரும் விடைக்காக, தங்களிடம் கற்ற வழக்கப்படியே, மடலின் அடியில் ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.

*

அந்த ஒரு சாண் இடத்தில் மறுநாள் எழுதியது

வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. தாங்கள் எழுந்து நேராகப் பக்கீர் மைதீனிடம் போனீர்கள்.

"தம்பி, உனக்கு அது தெரியுமா?"

திருட்டில் அகப்பட்டவர் போல் அவர் நெளிந்தார். "மன்னிச்சுக்குங்க அண்ணே. வீட்டுக்குள்ளதான். வெளிய ஒரு நாளும் வாசிச்சதில்ல."

"மோன் தியே, கடவுளே. உனக்கு அது வராதுன்னுல்ல நெனச்சேன். மொத நாளே கையை எடுத்துட்ட. கேட்டா மனசு நோவும்னு கேக்கல. அத்தனை பேர் முன்னாடி நீ சும்மா நிக்கிறதைப் பாக்க முடியாமதான் தலையைக் குனிஞ்சுக்குவேன்."

ஆக, விலாசமும் இல்லை, பூட்டும் இல்லை. ஒருவர் மனம் நோகக் கூடாதென்று மற்றவர் பார்த்துப் பார்த்து, இரண்டு பெரிய மனிதர்கள் பத்தொன்பது ஆண்டை ஓட்டியிருக்கிறார்கள். நாங்களும் அதை மரியாதை என்று வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கியிருக்கிறோம். மேலே எழுதிய புகழ்ச்சியை அடிக்கவில்லை. சட்டத்துக்குள் அப்படியே கிடக்கட்டும்.

கோலை மாதலேன் கையில் கொடுத்துவிட்டுத் தாங்கள் முன்வரிசையில் ரோசாலி அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். "இத்தனை வருஷமும் இந்தப் பாட்டை முதுகுப் பக்கத்துலேர்ந்தே கேட்டிருக்கேன். வாசிங்க."

வாசித்தோம். அந்த இடம் வந்தது. மாதலேன் எண்ணினார். பக்கீர் மைதீனின் விரல் மூன்றாம் சுற்றில் வழுக்கியது, நான்கில் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் அமீர் நிஷாவின் உதடு ஒரு சுரம் தவறாமல் கூடவே அசைந்தது. பதினாறும் முடிந்து பாட்டும் முடிந்தபோது, சட்டை முழுக்க வியர்வையோடு அவர் ரோசாலி அம்மாவையே பார்த்தார்.

"அகுஸ்தேன் இப்படி வாசிக்கல" என்றார் அந்த அம்மா. பக்கீர் மைதீன் தலையைத் தொங்கப் போட்டார். "அவன் எட்டாவது சுத்துலயே அவசரப்படுவான். இன்னொரு தடவை வாசி, கேப்போம்."

தாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை, பெரிய டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. டிரம் வாசிக்கிறவருக்குத் தன் டிரம்மின் முகம் தெரியாது. சோறு தின்ற காலத்திலும் அது தரையைத்தான் பார்த்துக் கிடந்தது.

"பெயின்ட்டு இப்படி உரிஞ்சு கெடக்கே. இதோடயா இத்தனை நாள் மேடையேறுனோம்? பழைய தோலை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். புதுசு போட்டுப் பேரைப் பெருசா எழுதுங்க. எனக்குத் தூரப் பார்வை கம்மி."

பக்கீர் மைதீனுக்கு அப்போதும் பயம் விடவில்லை. "எந்தப் பேரை அண்ணே?"

"வேற எந்தப் பேரு இருக்கு?"

தோள்வலி தீர்ந்து, கண்ணும் காதும் தெளிந்து, இன்னும் பல்லாண்டு சனிக்கிழமைகள் தங்களுக்குச் சுகமாய் அமைய வேண்டுகிறோம். முன்வரிசை நாற்காலி தங்களுடையது. ஆனால், ஐயா, எதையும் காலியாக விடும் வழக்கத்தை நேற்றோடு விட்டுவிட்டோம். தாங்கள் வராத சனிக்கிழமை அதில் வேறு யாரையாவது உட்கார வைத்துவிடுவோம். ஆகவே வந்துவிடுங்கள்.

அன்பும் நடுக்கமும் மாறாத,
பக்கீர் மைதீன் (கிட்டார்)
ஜிசேல் (பாட்டு, பேஸ் கிட்டார்)
சுப்புராமன் (கீபோர்டு, மடல் எழுதி வாசித்தவர்)
மாதலேன் (டிரம்)
ரெட் அம்ப்ரெல்லா