ஆற்றை பிள்ளை

— உந்த வோஷிங் மெஷினைப் பாத்துக்கொண்டு நிண்டாப்போல அது கெதியாய்ச் சுத்தாது யோகராணி. இஞ்சாலை திரும்பும். நான் கேட்டதுக்கு மறுமொழி வரேல்லை.

— மகேஸ் அண்ணை, நான் விடிய ஏழு மணிக்குத்தான் வேலையால வந்தனான். பிஸ்கட் பெட்டி அடுக்கி அடுக்கிக் கையே மரத்துப்போச்சு. நீங்கள் மறுமொழி தெரியாமல் கேக்கிறியளோ, தெரிஞ்சுகொண்டு கேக்கிறியளோ?

— தெரிஞ்சுகொண்டுதான். உம்மட வாயால வரட்டும். புஸ்பலதா எண்ட பிள்ளை எங்கட ஊரோ, இல்லையோ?

— இல்லை.

— புளியங்கலட்டி இல்லை.

— புளியங்கலட்டி எந்தத் திக்கில இருக்கெண்டும் அதுக்குத் தெரியாது. காணுமோ?

— எங்கட ஊர்ச் சங்கத்தின்ரை கடுதாசியில, ‘பிறந்த ஊர் புளியங்கலட்டி’ எண்டு வடிவா அடிச்சுக் கிடக்கு. அடியில தலைவர் எண்டு என்ரை கையெழுத்து.

— அடிச்சது செயலாளர், நான். கையெழுத்து வைச்சது நீங்கள். வாசிக்காமல் வைச்சதும் நீங்கள்தான்.

— அது என்ரை பிழை. நான் இல்லையெண்டு சொல்ல வரேல்லை.

— ஆர் பிடிச்சது?

— சந்திரவதனா அன்ரி.

— ம். அவதானே ரெண்டு வருசமாய் அந்தப் பிள்ளையைக் காசனுப்பிப் படிப்பிக்கிறா. எப்பிடிப் பிடிச்சவ?

— பிடிக்கவேணும் எண்டு பிடிக்கேல்லை, பாவம். நேற்று பத்மநாதன்ரை தாயின்ரை செத்தவீடு. பியூனரல் ஹோமுக்குள்ள ஊர்ச்சனம் முழுக்க நிக்குது. அன்ரி ஹாண்ட்பாக்கைத் திறந்து பிள்ளையின்ரை படத்தை எடுத்தா. ‘இது எங்கட ஊர்ப் பிள்ளை, நான்தான் படிப்பிக்கிறன், ஆற்றை பிள்ளையெண்டுதான் பிடிபடுதில்லை, ஒருக்காப் பாருங்கோ’ எண்டு சந்தோசத்தில காட்டினவ.

— பெட்டிக்குப் பக்கத்தில நிண்டுகொண்டோ?

— பெட்டிக்கு முன்னால, ரெண்டாவது வரிசையில. தேவாரம் படிக்க வந்த மனுசனும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பாத்தார். வைரவர் கோயிலடியில துவங்கி வீடு வீடாய் எண்ணிச்சினம். பேந்து தெற்கு ஒழுங்கை, சங்கக்கடை, பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம். ஒரு வீடு மிச்சமில்லை.

— அதுதானே எங்கட ஆக்களுக்கு வேலை. பின்னை?

— ஒராள் மூக்கைப் பாத்திட்டு, ‘இது தில்லையம்பலம் வீட்டு மூக்கு’ எண்டார். தில்லையம்பலத்தின்ரை மகள் பின்னாலதான் நிண்டவ. ‘எங்கட வீட்டில இப்பிடிப் பிள்ளை இல்லை’ எண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையள் ஊரில ஆரார் எண்டு எண்ணிச்சினம். நாலு பேர். நாலு பேரையும் அவைக்குத் தெரியும்.

— எனக்குச் சிரிப்பு வருது அண்ணை. குறை நினையாதேங்கோ. நித்திரை இல்லாட்டி எனக்கு இப்பிடித்தான், எல்லாத்துக்கும் சிரிப்பு வரும்.

— சிரியும். அதுக்குப் பிறகு அன்ரி சொன்னதைக் கேட்டிட்டுச் சிரியும். ‘ஒரு பிள்ளை பொய்யெண்டால் முப்பத்தெட்டுப் பிள்ளையும் பொய்தானே. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில எல்லாப் படத்தையும் மேசையில பரப்புங்கோ. ஊர்ச்சனம் நாங்கள் இருந்து பாக்கிறம்’ எண்டா.

— அப்ப முடிஞ்சுது.

— எத்தினை பேருக்கு இப்பிடி ஊரை மாத்தி அடிச்சனீர்?

— முப்பத்திரண்டு. ஆறு பேர்தான் உண்மையா எங்கட ஊர்.

— முப்பத்திரண்டோ.

— என்னை என்ன செய்யச் சொல்லுறியள்? எங்கட ஊர்ப் பிள்ளையள் எல்லாருக்கும் சுவிஸில மாமன், லண்டனில சித்தப்பன், இஞ்சை கனடாவில அஜக்ஸில பெரியம்மா. ஆருக்கு அண்ணை உதவி தேவை? தொண்ணூற்றி நாலில சங்கம் துவங்கேக்கை ஒவ்வொருத்தரிட்டையும் போம் குடுத்தம். ‘எந்த ஊர்ப் பிள்ளைக்கு உதவ விருப்பம்’ எண்டு ஒரு கேள்வி போட்டிருந்தம். வந்த அத்தினை போமிலயும் ஒரே ஊர்தான் எழுதியிருந்தது.

— அது இயற்கைதானே. தங்கட ஊரைத்தானே எழுதுவினம்.

— அங்கை வவுனியாவில கன்னியர்மடத்துச் சிஸ்டர்மாரின்ரை விடுதியில இருக்கிறது ஆற்றை பிள்ளையள்? அகதிக் காம்பில கிடந்ததுகள். தாய் தகப்பன் மலைநாட்டில தேயிலை பறிச்சவை. எழுபத்தேழு கலவரத்தில அடிவாங்கி வடக்குக்கு ஓடிவந்தவை. அந்தச் சனத்துக்கு ஊரே இல்லை அண்ணை. ஊரில்லாத பிள்ளைக்கு உதவ எங்கட போமில இடமில்லை.

— எங்களிட்டைச் சொல்லியிருக்கலாமே.

— சொன்னனான். முதல் உண்மையான விபரத்தைப் போட்டுத்தான் அனுப்பினனான். புஸ்பலதாவின்ரை கடுதாசி மூண்டு பேரிட்டைப் போய்த் திரும்பி வந்தது. ஒராள், ‘தோட்டக்காட்டுப் பிள்ளையெண்டால் இந்தியாக்காரரைக் கேளுங்கோ’ எண்டு அதிலயே எழுதி அனுப்பினார். மற்ற ஆள், கஸ்ரம், இப்பதான் வீடு வாங்கினது எண்டார். மூண்டாவது ஆள் ஆரெண்டு தெரியுமோ?

— ஆர்?

— நீங்கள்.

— நானோ?

— ‘முதல் எங்கட பிள்ளையளைப் பாப்பம் யோகராணி, பேந்து மற்றதுகளைப் பாப்பம்’ எண்டனீங்கள். கடுதாசியை மடிச்ச மடிப்புக் கூடக் கலையாமல் தந்தனீங்கள்.

— எனக்கு ஞாபகமில்லை.

— எனக்கு நல்ல ஞாபகம். அண்டைக்கு வீட்டை வந்துதான் முதன்முதல் ஊரை மாத்தி அடிச்சனான். அடிச்சு அன்ரிக்கு அனுப்ப, அடுத்த நாளே போன் எடுத்துக் குளறி அழுகிறா. ‘எங்கட ஊர்ப் பிள்ளை இப்பிடிக் கிடக்குதோ’ எண்டு. அதுக்குப் பிறகு எனக்குப் பழகிப்போச்சு.

— சரி, அது கிடக்கட்டும். இப்ப நான் கேக்கிறதுக்குச் சுருக்கமாய்ச் சொல்லும். அந்தப் பிள்ளை எந்த வருசம் பிறந்தது?

— எண்பத்தி நாலு. ஆவணி மாசம்.

— எங்கை?

— வவுனியாவுக்குக் கிட்ட, ஏதோ பண்ணைக் குடியிருப்பில.

— எண்பத்தி மூண்டு கடைசியில நானும் வவுனியாவிலதான். கொழும்பில அடிபட்டு ஓடிவந்து, பத்து மாசம் ஒரு அரிசி மில்லில எழுத்துவேலை பாத்தனான்.

— அப்ப அந்தச் சனத்தைக் கண்டிருப்பியள்.

— கண்டனான். உமி அள்ள வருவினம். ஒராளின்ரை பேரும் எனக்குத் தெரியாது, கேட்டதுமில்லை. தாயின்ரை பேர் என்ன?

— பேச்சாயி.

— பேச்சாயி. உயிரோடை இல்லைத்தானே?

— தொண்ணூறில காம்பில காய்ச்சல் வந்து செத்தவ. ஏன் அண்ணை, பொலிஸ்காரர் மாதிரிக் கேக்கிறியள்? கூட்டத்தில வாசிக்கிறதுக்கோ?

— சொல்லும். தகப்பன்?

— கருப்பையா. அவர் தாய்க்கு முன்னமே செத்துப்போனார். பாம்பு கடிச்சது.

— சொந்தக்காரர்?

— ஒருத்தரும் இல்லை. அஞ்சு வருசமாய் ஒரு சனமும் தேடி வரேல்லை எண்டு சிஸ்டர் எழுதியிருந்தா.

— தகப்பன் கருப்பையாவெண்டால், ‘க’ எண்டு முதலெழுத்து வரவேணும். கடுதாசியில வெறும் புஸ்பலதா எண்டெல்லோ கிடக்கு.

— நான்தான் எழுத்தை எடுத்தனான். எழுத்திருந்தால் தகப்பன் ஆரெண்டு கேப்பினம், தகப்பனைப் பிடிச்சுக்கொண்டு வீட்டைத் தேடுவினம். எழுத்தில்லாட்டி விட்டிடுவினம் எண்டு நினைச்சன்.

— விடுவினமோ? எங்கட சனமோ? எழுத்தில்லாத பிள்ளையெண்டால் அதைத்தானே முதல் தோண்டுவினம். முப்பத்திரண்டு பேருக்கும் எடுத்தனீரோ?

— இல்லை. அதுதான் முதல் பிள்ளை. பிறகு மற்றதுகளின்ரை எழுத்தில கை வைக்க மனம் வரேல்லை. தகப்பன்ரை பேராவது அதுகளுக்கு மிஞ்சட்டும் எண்டு விட்டிட்டன்.

— நல்ல வேளை.

— என்ன நல்ல வேளை? அண்ணை, இனி என்னால ஏலாது. சாப்பாட்டு மேசை முழுக்க இதுகளின்ரை பைல். துவாரகா நிலத்தில இருந்து ஹோம்வேர்க் செய்யிறாள். ‘அம்மா, யூ கேர் மோர் அபௌட் தெம்’ எண்டுறாள். வேலையால வந்தால் கடுதாசி, படுத்தால் கனவிலயும் கடுதாசி. ஞாயிற்றுக்கிழமை நானே எழும்பி நிண்டு சொல்லுறன். பொய் எழுதினது நான், தலைவருக்கு ஒண்டும் தெரியாது எண்டு. பேந்து பைலெல்லாத்தையும் உங்களிட்டைத் தந்திட்டு, ஒரு கிழமை அடிச்சுப்போட்டமாதிரிப் படுக்கப்போறன்.

— சொன்னால் என்ன நடக்கும் தெரியுமோ?

— தெரியாமலோ? அண்டைக்கே எல்லாரும் நிப்பாட்டுவினம். வாற மாசம் சிஸ்டர்மார் முப்பத்திரண்டு பிள்ளையளையும் திருப்பிக் காம்புக்கு அனுப்புவினம். புஸ்பலதா இப்ப ஏழாம் வகுப்பு. போன தவணை கணக்கில முதலாம் பிள்ளை. காம்புக்குப் போனால் வெங்காயத் தோட்டத்தில கூலி. எல்லாம் தெரியும் அண்ணை. தெரிஞ்சதாலதான் ரெண்டு வருசம் பொய் எழுதினனான். பொய்யும் களைச்சுப்போச்சு, நானும் களைச்சுப்போனன்.

— நீர் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. கூட்டத்தில ஒருத்தரும் படம் பாக்கமாட்டினம்.

— ஏன்?

— அன்ரியே வேண்டாமெண்டிட்டா.

— அவ விடுற ஆளில்லையே. செத்தவீட்டில வைச்சு வீடு வீடாய் எண்ணின மனுசி.

— விட்டிட்டா. ‘இனி ஒருத்தற்றை பிள்ளையின்ரை படத்தையும் கிளறவேண்டாம். கிளறினால் எங்கட வீடுகளிலயிருந்து என்னென்ன வெளிக்கிடுமோ ஆருக்குத் தெரியும்’ எண்டா. நிண்ட ஆம்பிளையள் எல்லாரும் ஓம் எண்டு தலையை ஆட்டிச்சினம். ஒராள் முதல் ஆளாய் ஆட்டினார்.

— எனக்கு விளங்கேல்லை. அன்ரி பிள்ளையை நிப்பாட்டேல்லையோ?

— இல்லை. பல்கலைக்கழகம் மட்டும் படிப்பிக்கப்போறாவாம். ‘பிள்ளை என்ன பாவம் செய்தது’ எண்டு அழுதா.

— நீங்கள் நேற்றுப் போட்ட கோட்டோடையே நிக்கிறியள். வீட்டை போகேல்லையோ?

— போனன். வீடு பூட்டிக் கிடக்குது. மனுசி பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஒஷாவாவில தமையன் வீட்டை போட்டா. போனும் எடுக்கிறாவில்லை.

— செத்தவீட்டில அவவும் நிண்டவவோ?

— எனக்குப் பக்கத்திலதான் நிண்டவ.

— அண்ணை, இஞ்சை என்னைப் பாருங்கோ. பிறந்த வருசம், தாயின்ரை பேர், சொந்தக்காரர் இருக்கினமோ எண்டெல்லாம் கேட்டியள். என்னைப் பிடிச்சுக் குடுக்கக் கேக்கிறியள் எண்டு நினைச்சன்.

— இல்லை பிள்ளை. எனக்குப் பாடமாக்கவேணும். ஆரும் கேட்டால் முழுசக்கூடாது. தாய் பேச்சாயி, ஆவணி மாசம், தொண்ணூறில காய்ச்சல். சரிதானே?

— சரி. ஆனால் உங்களை ஏன் கேப்பினம்? அன்ரிக்கு என்ன சொன்னனீங்கள்?

— அவ எல்லாருக்கும் முன்னால, ‘தம்பி, ஏன் இந்தப் பிள்ளைக்கு எழுத்தில்லை’ எண்டு கேட்டா. ‘அது என்ரை பிள்ளை அன்ரி, எழுத்தைப் போடவேண்டாமெண்டு யோகராணிக்கு நான்தான் சொன்னனான்’ எண்டு சொல்லிப்போட்டன்.