பதில் ஏதும் கிடைக்கவில்லை

யுன்ஜி: ...அதான் சொல்றேன், உங்க ஜிந்தோ செத்துப்போச்சு.

சேஹோ: வாயைக் கழுவுங்க யுன்ஜி! ரெண்டு மணிக்குத் துணை ஆட்சியரே அதைப் பார்க்க வர்றார்.

யுன்ஜி: நான் என்ன பண்ண? ஒரு கேள்வி கேட்டேன். 'பதில் ஏதும் கிடைக்கவில்லை'ங்குது. தேடுற சாஃப்ட்வேருக்கு ஜிந்தோன்னு நாய்ப் பேரு வச்சா போதுமா? ஓடிப்போய்க் கவ்விட்டு வர வேணாமா?

சேஹோ: முப்பது வருஷத்துச் சட்ட விளக்கம் மொத்தத்தையும் அது உள்ள போட்டிருக்கேன். கிடைக்காம எங்க போகும்? என்ன கேட்டீங்க?

யுன்ஜி: ஏதோ ஒண்ணு.

சேஹோ: ஏதோ ஒண்ணுன்னா?

யுன்ஜி: வேலை விஷயம்தான்...

சேஹோ: நீங்க கட்டட அனுமதிப் பிரிவு. மாட்டுக்கொட்டாயா?

யுன்ஜி: ஆங்... அதேதான். மாட்டுக்கொட்டாய்.

சேஹோ: நகருங்க, நானே அடிக்கிறேன். 'மாட்டுக்கொட்டாய்க் கூரை மேல சோலார் தகடு போடணும்னா தனியா அனுமதி வாங்கணுமா?' ...இதோ! பதினோரு விளக்கம். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள.

யுன்ஜி: அது... வேற கொட்டாய்.

சேஹோ: விளையாடுற நேரமா இது? நேத்து மட்டும் நாலு தடவை கூப்பிட்டீங்க. எழுத்து பொடிசா இருக்குன்னீங்க. பெருசாக்கினேன். பச்சை நிறம் கண்ணைக் குத்துதுன்னீங்க. நீலமாக்கினேன்.

யுன்ஜி: நீலமும் நல்லா இல்ல.

சேஹோ: இன்னிக்கு இது ஓடலைன்னா என் ஒப்பந்தம் இந்த மாசத்தோட சரி. மூட்டையைக் கட்டிக்கிட்டு சியோல் பஸ் ஏற வேண்டியதுதான்.

யுன்ஜி: ...யார் சொன்னா?

சேஹோ: உங்க பிரிவுத் தலைவியேதான். ஓக் மேடம்.

யுன்ஜி: எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே!

சேஹோ: சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?

யுன்ஜி: நீலம் நல்லாருக்குன்னு சொல்லியிருப்பேன்.

ஓக் மேடம்: என்னம்மா, இன்னும் சாப்பிடப் போகலையா? சூப் கடையில நாங்கெல்லாம் தின்னு முடிச்சு வந்தாச்சு.

யுன்ஜி: பசிக்கல மேடம்.

ஓக் மேடம்: உனக்கா? ரெண்டு கிண்ணம் சோறு கேக்குற ஆளுக்கா? ஏன் தம்பி, என்ன தகராறு?

சேஹோ: ஏதோ கேள்வி கேட்டிருக்காங்க, பதில் வரல. என்ன கேள்வின்னும் சொல்ல மாட்டேங்குறாங்க மேடம்.

ஓக் மேடம்: அட, அப்ப நல்லதாப் போச்சு. துணை ஆட்சியர் முன்னாடி அதையே கேட்டுடும்மா. பெரிய திரையில எல்லாரும் பாக்கட்டும்.

யுன்ஜி: ஐயோ! வேணாம் மேடம்!

ஓக் மேடம்: ஏன் இப்படி அலறுற? ...சரி சரி, நான் போய்ப் பெரிய திரையை மாட்டச் சொல்றேன். சீக்கிரம் சரி பண்ணுங்க ரெண்டு பேரும்.

சேஹோ: போயிட்டாங்க. கேள்வியை விடுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க... அதுல யார் பேராவது போட்டீங்களா?

யுன்ஜி: பேரா? எதுக்குப் பேரு?

சேஹோ: போட்டிருக்கீங்க.

யுன்ஜி: போட்டா என்ன? தப்பா?

சேஹோ: தப்பில்ல. ஆனா இந்த விளக்கத்துல எல்லாம் ஆள் பேரே இருக்காது. 'ஒரு மனுதாரர்', 'ஓர் ஊழியர்', அவ்ளோதான். பேரைக் கொடுத்தா, அந்தப் பேருக்காகவே தேடிட்டு வெறும் வாயோட திரும்பும். அதை எடுத்துட்டு 'ஓர் ஊழியர்'னு போட்டுப் பாருங்க.

யுன்ஜி: நீங்க பாக்கக் கூடாது.

சேஹோ: திரும்பிக்கிறேன். சுவர்ல காலண்டர்தான் தெரியுது. அறுவடைத் திருநாளுக்கு அஞ்சு நாள் லீவு... ஆகா, ஒண்ணு ஞாயித்துக்கிழமையில போச்சே...

யுன்ஜி: வந்துருச்சு! ஆறு விளக்கம் வந்துருச்சு!

சேஹோ: அப்பாடா! என்ன சொல்லுது?

யுன்ஜி: 'ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் இருவர் மணம் புரிந்துகொண்டால், அவர்களில் ஒருவரை வேறு இடத்துக்கு'... ஐயையோ!

சேஹோ: சத்தமாப் படிச்சிட்டீங்க.

யுன்ஜி: உங்க காதுல விழல!

சேஹோ: விழல. ...யாருக்குக் கல்யாணம்?

யுன்ஜி: ஒரு தோழிக்கு. வரிப் பிரிவுல இருக்கா.

சேஹோ: வரிப் பிரிவுல எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தவங்களாச்சே.

யுன்ஜி: அவங்க கல்யாணம் பண்ணிக்கக் கூடாதா?

சேஹோ: பண்ணிக்கட்டும், பண்ணிக்கட்டும். ...கடைசியில என்ன போட்டிருக்கு? மாத்தியே ஆகணுமா?

யுன்ஜி: கட்டாயம் இல்லையாம். ...உங்களுக்கு ஏன் இவ்ளோ பெரிய மூச்சு வருது?

சேஹோ: சும்மா. தோழி பாவமில்லையா.

யுன்ஜி: ஆமா, பிரிண்டர் கோளாறுக்கு மூணு மணி நேரம் தலையைச் சொறிஞ்ச ஆளு, இதை மட்டும் எப்படி ஒரே நிமிஷத்துல பிடிச்சீங்க?

சேஹோ: அது... திங்கக்கிழமை எனக்கும் இதேதான் ஆச்சு.

யுன்ஜி: நீங்க செஞ்ச சாமான்ல நீங்களே போய் ஆள் பேரைப் போட்டீங்களா?

சேஹோ: அவசரம். பேரு தானா விழுந்துருச்சு.

யுன்ஜி: மாட்டுக்கொட்டாய்க்கெல்லாமா இவ்ளோ அவசரம்?

ஓக் மேடம்: தம்பி! சேஹோ தம்பி! தப்பிச்சோம்! துணை ஆட்சியர் வர்ற வழியில, கார்லயே போன்ல தட்டிப் பாத்திருக்கார். மாமனாரோட பேரிக்காய்க் கிடங்கு பத்தி ஏதோ கேட்டாராம். டக்குனு பதில் வந்துருச்சாம். ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு!

சேஹோ: நிஜமாவா மேடம்?

ஓக் மேடம்: கீழ வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போ. ஏம்மா, உன் முகம் ஏன் மிளகாய்ப் பழமாட்டம் இருக்கு? சாப்பிடாம இருந்தா இப்படித்தான்... சீக்கிரம் வாங்க!

யுன்ஜி: ...ரெண்டு வருஷம்.

சேஹோ: ரெண்டு வருஷம்.

யுன்ஜி: போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போங்க. திங்கக்கிழமை என்ன கேட்டீங்க?

சேஹோ: உங்க தோழி கேட்ட அதே கேள்வி.

யுன்ஜி: ...யார் பேரைப் போட்டீங்க?

சேஹோ: பான் யுன்ஜி, கட்டட அனுமதிப் பிரிவு.

யுன்ஜி: என் பேரா!

சேஹோ: தப்பா எடுத்துக்காதீங்க. பதில்கூட வரல, பேரை எடுத்துட்டுக் கேக்கவும் மனசு வரல. தோழிக்கு என் வாழ்த்தைச் சொல்லிடுங்க. நான் கீழ போறேன்...

யுன்ஜி: நில்லு. நீ சொன்னேன்னுதான் 'ஓர் ஊழியர்'னு மாத்தினேன். முதல்ல அங்க 'தாக் சேஹோ'ன்னு இருந்துச்சு.