ஏழாம் நம்பர் மேசை

அங்க உக்காராதீங்க தங்கச்சி, மேல்மாடி ஏர்கான் தண்ணி தலையில சொட்டும். இங்க வாங்க, ஏழாம் நம்பர் மேசைக்கு. இண்டர்வியூவுக்குத்தானே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது லா. அந்த பைலை ஏன் அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க, யாரும் புடுங்க மாட்டாங்க, வைங்க. பத்து மணிக்கா? இப்பத்தான் எட்டரை. பசியாறியாச்சா? ரொட்டி வேணாமா? சரி, டீ குடிங்க. காசிம் பாய் டீ. கிள்ளான் ஊரு பூரா யாரை வேணா கேட்டுப் பாருங்க.

இருங்க, போன் சத்தம் வந்துச்சா? வரலையா. சரி.

யாரு இண்டர்வியூ எடுக்கிறது, புவான் ரொஹானாவா? அட! பயப்படாதீங்க, தங்கமான மனுசி. போன வாரம் வரைக்கும் அவுங்க அந்தப் பெரிய மேனேஜர் நாற்காலியில இல்ல, தெரியுமா? அந்தக் கதையே இந்த மேசையிலதான் நடந்துச்சு. நீங்க முழங்கை வச்சிருக்கிற எடத்துலதான்.

கேளுங்க. இதே கட்டடத்துல பதினோராவது மாடியில வியாழக்கிழமை தோறும் மூணு மணிக்குக் கூட்டம். கப்பல் சரக்குக் கம்பெனி, பெரிய கூட்டம். அங்க என்னா நடக்கும்னு நெனைக்கிறீங்க? ஒண்ணும் நடக்காது. எல்லாரும் தலைய ஆட்டுவாங்க, புவான் ரொஹானா உக்காந்து யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதுவாங்க. அஞ்சு மணி ஆச்சுன்னா ஆம்பளைங்க அஞ்சு பேரும் லிப்டுல எறங்கி நேரா இந்த மேசை. நல்லா ஆத்தின டீ, தே தாரேக் அஞ்சு, வறுத்த மீ நூடுல்ஸ் ரெண்டு. அப்பத்தான் நெசக் கூட்டம் ஆரம்பிக்கும். யாரை ஏத்தறது, யாரை எறக்கறது, பினாங்குக்கு யாரை அனுப்பறது, எல்லாம் இங்கதான். அந்தம்மா பாவம், மேல உக்காந்து எழுதிக்கிட்டே இருப்பாங்க. மறுநாள் ஏதாச்சும் கேட்டா, அதுவா, நேத்தே பேசி முடிச்சாச்சேம்பாங்க. எங்க பேசினாங்க, எப்பப் பேசினாங்க, அவுங்களுக்கு எப்படித் தெரியும்? பதினாலு வருசம் தங்கச்சி. பதினாலு வருசமா இவனுங்க டீ குடிக்கப் போறாங்கன்னுதான் நெனைச்சிருக்காங்க.

இல்லல்ல, கம்பெனி பொம்பளைங்களுக்கு ஒண்ணும் செய்யலன்னு சொல்லாதீங்க. வருசா வருசம் மகளிர் தினம் வச்சாங்களே. ஊதா பலூன், ஊதா கேக்கு, என் கடையிலேருந்து நூத்தியிருவது கறிபாப் பலகாரம். பெண்களை எப்படி முன்னேத்தறதுன்னு முக்கா மணி நேரம் பேச்சு. யாரு பேசினா? என்சிக் ஃபட்லி, அந்த அஞ்சு ஆம்பளைங்கள்ல ஒருத்தரு. கேக்கை வெட்டி, தட்டு எடுத்துக் குடுத்து, கடைசில குப்பைய அள்ளினது யாரு? புவான் ரொஹானா.

இந்த ஃபட்லி இருக்காரே, நல்லவர்தான், நல்லா சிரிப்பாரு. சரக்கப் பத்தித்தான் ஒண்ணும் தெரியாது. ஆனா அப்ப இருந்த பெரிய மேனேஜர் எது கேட்டாலும் பட்டுன்னு பதில் வரும். எனக்கே ஆச்சரியம். ஒரு நாள் மேசை தொடைக்கறப்ப பாக்கறேன், மேசைக்கடியில ரெண்டு கட்டைவிரலும் போன்ல பறக்குது. புவான் ரொஹானாவுக்கு மெசேஜ்! அந்தம்மா மேலேருந்து பதில் போட, இவரு இங்க மீயை மென்னுக்கிட்டே தன் மூளையில உதிச்ச மாதிரி எடுத்து விடுவாரு.

இதுல அந்தப் பெரிய மேனேஜர் நாற்காலி காலியாச்சு. சிங்கப்பூருலேருந்து புதுசா வந்த மேலதிகாரி மிஸ்டர் யாப் ஆள் தேடறாரு. அடுத்த வியாழக்கிழமை ஃபட்லிக்குன்னு முடிச்சிரலாம்னு இவங்களுக்குள்ள பேச்சு. நான் கேட்டேன், ஆனா வாயத் தொறக்கல. கடைக்காரன் காது குப்பைத்தொட்டி மாதிரி, விழுந்தது வெளிய வரக்கூடாது. என் மக சபீரா, இங்க ஒத்தாசைக்கு நிப்பா, அவதான் காலையில டீ பொட்டலம் கட்டிட்டுப் போக வந்த ரொஹானாகிட்ட அத்தனையும் ஒப்பிச்சுட்டா. வந்த கோவத்துல அப்படி ஏசினேன்.

அந்த வியாழக்கிழமை நாலேமுக்கா, மேல கூட்டம் முடியக் கா மணி நேரம் இருக்கு. புவான் ரொஹானா ஆபீஸ் பொம்பளைங்க ரெண்டு பேரோட எறங்கி வந்து இந்த மேசையில, இந்த நாற்காலியில உக்காந்துட்டாங்க. வெளிய சரியான மழை. சபீரா என்னா பண்ணா தெரியுமா? மிச்ச மேசைக மேலல்லாம் நாற்காலியக் கவுத்துப் போட்டு, தரை கழுவறேன்னு வாளியத் தூக்கிட்டா! சாயங்காலம் அஞ்சு மணிக்கு எந்தக் கடையிலயாச்சும் தரை கழுவுவாங்களா? நான் கல்லாவுல உக்காந்து கத்தறேன், அவ காதுலயே வாங்கல.

ஆம்பளைங்க மிஸ்டர் யாப்போட வந்தாங்க, முழிச்சாங்க. வேற எடமில்ல. சேந்துதான் உக்காரணும். மிஸ்டர் யாப் கேட்டாரு, ஃபட்லி, துறைமுகத்துல எத்தன கண்டெய்னர் மாட்டியிருக்குன்னு. ஃபட்லிக்குப் பழக்க தோசம், கை மேசைக்கடியில போயிருச்சு. அடுத்த நொடி, மேசை மேல இருந்த ரொஹானா போன், டிங்!

அந்தம்மா அவசரமே படல. போனை எடுத்து ஃபட்லி அனுப்பின கேள்வியப் படிச்சாங்க, நாப்பத்திரெண்டுன்னு வாய்விட்டுச் சொன்னாங்க. ஏன் மாட்டிச்சுன்னாரு யாப். டிங்! பத்திரத்துல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, நாளைக்கு வந்துரும்னாங்க அந்தம்மா. இனிமே இப்படி ஆகாம என்னா பண்ணலாம்? டிங்! மூணாவது டிங்குக்கு மிஸ்டர் யாப் கைய நீட்டி அந்த போனை வாங்கிப் பாத்தாரு. மேல தள்ளித் தள்ளிப் பாத்தாரு, பழைய வியாழக்கிழமையெல்லாம் வருது. ஃபட்லி மீ சாப்பிடறத நிறுத்திட்டாரு. யாப் நாற்காலியத் திருப்பி ரொஹானாவப் பாத்து உக்காந்தாரு. ஒரு மணி நேரம் பேசினாங்க. போன திங்கக்கிழமை, நாற்காலி அந்தம்மாவுக்குன்னு கடுதாசி வந்துருச்சு!

ஐயோ எனக்கு எவ்வளவு சந்தோசம்ங்கிறீங்க! கடை பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். பாத்தியா சபீரா, நம்ம மேசை பண்ணின வேலயன்னேன். அவ மேசை தொடைச்சுக்கிட்டே சொன்னா, போன மாசம் இதே மேசையிலதான் வாப்பா, நீங்க, உங்க தம்பி சாச்சா, உங்க மருமகன், மூணு பேரும் உக்காந்து ஷா ஆலம்ல தொறக்கற புதுக் கடைய மருமகனுக்குன்னு முடிவு பண்ணீங்க. நான்தான் டீ கொண்டாந்து வச்சேன்னா.

அவ்வளவுதான் சொன்னா. அன்னிக்கு ராவே அந்தக் கடைச் சாவிய அவ கையில குடுத்துட்டேன் தங்கச்சி. மருமகனா? அவரும் அங்கதான், மேசை போடறாரு. அவருக்கு மொதல்லயே வேணாமாம். எங்க கூடவே உக்காந்திருந்த அவரையும் நாங்க கேக்கல!

என்னா, ஒரு வாய்தான் குடிச்சிருக்கீங்க? அந்தா, அந்த மேசைக்காரரும் பாதி கிளாஸ் வச்சுட்டுப் போறாரு. சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். தண்ணியாத்தான் இருக்கு. எனக்கே தெரியுது. பதினோரு வருசமா காசிம் பாய் டீ, காசிம் பாய் டீன்னு கிள்ளானே குடிச்சதெல்லாம் அவ போட்டது. நான் கல்லாவுல உக்காந்து பேர் வாங்கினேன். நான் போடறது இன்னிக்கு மூணாவது நாள்.

டிங்! கேட்டுச்சா? சபீராதான். விடியக்காலையில கேட்டேன், டின்பால் எத்தன கரண்டின்னு. கண்ணாடி உள்ள இருக்கு, நீங்களே படிங்க. என்னா போட்டிருக்கா? சொல்ல மாட்டேன், ஷா ஆலம் வந்து நின்னு கத்துக்குங்க வாப்பாவா? திமிரப் பாத்தீங்களா!

சரி, ஞாயித்துக்கிழமை போகணும். டீ போடத் தெரியாம எத்தன நாளைக்குக் காசிம் பாயா இருக்கறது.