அணைக்க வந்தவர்கள் கண்ட தணல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தீயணைப்பு நிலைய அதிகாரி அவர்களே, என் வயிற்றில் பால் வார்த்த அக்குபங்சர் மருத்துவர் அம்மையார் அவர்களே, ஆன்றோர்களே, அன்புத் தாய்மார்களே, தோள் கொடுத்த தோழர்களே, வணக்கம்!

வயிறு! வாழ வைப்பதும் வயிறு, வாட்டி வதைப்பதும் வயிறு! தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர் நான். அபாய மணி அடித்தால் தோழர்கள் வண்டியை நோக்கி ஓடுவார்கள். நான் கழிப்பறையை நோக்கி ஓடுவேன்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! வண்டியில் ஏறிக் காத்திருந்தவர்கள் அன்று சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், படம் எடுத்துப் பார்த்தார்கள். புண்ணில்லை, கட்டியில்லை. ஒன்றுமில்லாததா என்னை ஓட ஓட விரட்டியது? பெரிய டாக்டர்தான் விளக்கினார்: குடல் நன்றாக இருக்கிறது, அது வேலை செய்யும் விதம்தான் தாறுமாறு. அதற்குள் நம் நிலைய அதிகாரியான தலைவர் அவர்கள், "இந்த மாசத்தோட சாவியக் குடுத்துட்டு ஆபீஸ்ல உக்காருப்பா" என்றுவிட்டார். ஸ்டியரிங் பிடித்த கை கோப்புகளைப் புரட்டுவதா? இடிந்து போனேன்!

என் மனைவி இந்த அம்மையாரிடம் இழுத்துச் சென்றாள். "கண்டிப்பா சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். சிலருக்கு நல்லாக் கேக்குது, பாக்கலாம்" என்றார். முழங்காலுக்குக் கீழே ஊசி, மணிக்கட்டில் ஊசி. வயிற்றுக்கு நேர் மேலே, தோலைத் தொடாமல், மூலிகையைச் சுருட்டிக் கொளுத்திய திரியின் இளஞ்சூடு! வாரா வாரம் போகப் போகக் குமுறல் குறைந்தது. நிலையத்தில் மூச்சு விடவில்லை. தீயணைக்கிறவன் வயிற்றுக்குத் தீ மூட்டுகிறான் என்றால் விடுவார்களா?

ஒரு விடுமுறை நாள், அம்மையாரின் சிகிச்சை அறையில் படுத்திருந்தேன். ஜன்னல் வழியே திரியின் புகை போனதைக் கண்ட எதிர்வீட்டுக்காரர் போனைத் தூக்கிவிட்டார். சைரன் அலற வந்தது எது? என் வண்டி! குழாயோடு பாய்ந்து வந்தவர்கள் கண்டது யாரை? ஊசி குத்திய காலோடு மல்லாந்து கிடக்கும் தங்கள் ஓட்டுநரை!

"அண்ணே, நீங்க எங்கண்ணே இங்க?"

"தண்ணியத் தொறந்துடாதடா!"

பின்னாலேயே தலைவர். அந்த நேரம் பார்த்து அவருடைய வாக்கிடாக்கி கதறியது: மரக்கிடங்கில் தீ, உள்ளே ஆட்கள்! மாற்று ஓட்டுநரோ அந்தச் சந்தில் வண்டியைச் செருகிவிட்டு, பின்னால் எடுக்கத் தெரியாமல் விழிக்கிறார். தலைவர் என் முகத்தைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். அம்மையார் மளமளவென்று ஊசிகளை எடுத்தார். ஏறினேன், எடுத்தேன், பறந்தேன்! வழியெல்லாம் தலைவருக்கு ஒரே கவலை.

"வயிறு எப்பிடிப்பா இருக்கு?"

"மறந்தே போச்சு சார்!"

அத்தனை பேரையும் உயிரோடு மீட்டோம்! கைதட்டலை அந்தத் தோழர்களுக்குக் கொடுங்கள். கரி படிந்த முகத்தோடு தலைவர் என்னைத் தனியே அழைத்தார். முறைக்காதீர்கள் ஐயா, சொல்லச் சொன்னதே நீங்கள்தான்! "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் நாலு வாய் சாப்பிட்டா கல்லு மாதிரி நிக்குதுப்பா. டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. அந்தம்மாகிட்ட என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமக்களே! ஊசி எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல நான் யார்? முதலில் டாக்டரைப் பாருங்கள். ஆனால், அறிக்கையில் ஒன்றுமில்லை என்பதற்காக, வலிக்கிறது என்பவனை நடிக்கிறான் என்னாதீர்! நோகிறது என்பவளை நாடகமாடுகிறாள் என்னாதீர்! நம்புங்கள், துணைக்குப் போங்கள்! நானும் தலைவரும் இப்போது அம்மையாரிடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்தான் படுக்கிறோம். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும், உங்கள் வயிறுகளுக்கும், நன்றி கலந்த வணக்கம்!