மஞ்சள் கிளிப்பின் இடம்

ஸ்பானரைத் தேடி அலைகிறவனைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும் சார். வேலை நேரத்தில் பாதி தேடுவதிலேயே போய்விடும். அதனால்தான் எங்கள் ஹாலோ பிரிக்ஸ் கம்பெனியில் அந்தப் பலகையைச் செய்து மாட்டினேன். மிக்சர் ஷெட்டுக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு சாமானையும் பலகையில் வைத்து, சுற்றிலும் கோடு போட்டு, அதற்குள் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். சுத்தியலுக்குச் சுத்தியல் வடிவம், உளிக்கு உளி வடிவம். சாயங்காலம் எங்கே கறுப்பு தெரிகிறதோ, அந்தச் சாமான் வெளியே கிடக்கிறது என்று அர்த்தம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

முதலாளி சொக்கநாதன், யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவார். "இது நம்ம ஜெயதாசுக்க பலகையாக்கும்" என்பார். நான் கேட்காத மாதிரி திரும்பி நின்றுகொள்வேன்.

இன்னொரு முறையும் எனக்கு உண்டு. மிக்சர் டிரம்முக்குள் சிமென்ட் பிடித்து இறுகிவிடும். தினமும் யாராவது உள்ளே இறங்கி உளியால் கொத்த வேண்டும். அடுத்த ஷெட்டில் கல் அடிக்கிற பிரஸ் ஓடும்போது, உள்ளே இருப்பவன் கூப்பிட்டால் வெளியே கேட்காது. அதனால் அவன் ஏறி வரும்வரை நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பேன். எங்கேயும் போக மாட்டேன். எனக்கு வாங்கி வைத்த சாயா ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். பரவாயில்லை. வெளியே வருகிறவன் முதலில் பார்ப்பது என் முகத்தை. "அண்ணன் நிக்கியதுதான் எங்களுக்குத் தைரியம்" என்பார்கள். சம்பளத்தோடு சேர்த்து அதையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அஜீஷ் வந்தான். காரக்கோணத்துப் பையன், வளைகுடாவில் ஏதோ பெரிய கம்பெனியில் இருந்தவன். நல்ல பையன், அதைச் சொல்லிவிட வேண்டும். வந்த வாரமே துணி காயப்போடும் கிளிப்புகளை வாங்கி வந்து ஆளுக்கொரு நிறம் கொடுத்தான். அவனுக்கு மஞ்சள்.

"உள்ள எறங்குததுக்கு முன்ன சுவிட்சு பிடியில எனக்க கிளிப்ப மாட்டுவேன். மஞ்சள் தொங்குதுண்ணா நான் உள்ள கெடக்கேன்னு அர்த்தம். அத நான்தான் எடுக்கணும், வேற ஒருத்தரும் தொடப்பிடாது. கிளிப்பு இல்லேண்ணா மிக்சரு ஓட்டலாம். இவ்வளவுதான் சங்கதி."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அதையே செய்தார்கள்.

ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஜெயதாசே, இனி நீரு சுவிட்சுக்குப் பக்கத்துல நிக்காண்டாம். கிளிப்பு உண்டுல்லா. போயி மணலு இறக்குகதப் பாரும்."

எனக்குக் கோபம் வரவில்லை சார். யோசித்துப் பாருங்கள், ஒரு கிளிப்பு. சாயாக் காசுக்கு இரண்டு கிடைக்கும். அதற்குப் பிறகு வந்த விருந்தாளிகளுக்கு முதலாளி அதைத்தான் காட்டினார். பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று காட்டினார்.

அஜீஷ் எனக்கும் ஒன்று கொடுத்திருந்தான், பச்சை. நான் டிரம்முக்குள் இறங்குகிறவன் இல்லை என்பதால் வீட்டு மேசையில் போட்டேன். மறுநாள் புட்டுமாவுப் பொட்டலத்தின் வாயில் அது கவ்விக்கொண்டிருந்தது. என் மனைவி விமலகுமாரி செய்த வேலை.

"நல்ல வசதியாக்கும். அந்தப் பயலுக்கு மூள உண்டு" என்றாள்.

"எனக்க பலகை?"

"பலகைய வச்சி மாவுக்க வாயக் கட்ட முடியுமா?"

அவள் தமாஷாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று புட்டு இறங்கவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். அஜீஷ் சுவிட்சில் மஞ்சள் கிளிப்பை மாட்டினான். நான் பழக்கத்தில் பக்கத்தில் போய் நின்றேன். "அண்ணா, கிளிப்பு போட்டாச்சு. நீங்க எதுக்கு கால் கடுக்க நிக்கியீங்க? போயி சாயா குடிச்சிட்டு வாருங்க" என்று சொல்லிவிட்டு டிரம்முக்குள் இறங்கினான். பாசத்தோடுதான் சொன்னான்.

நான் கிளிப்பை எடுத்து என் பலகையில் மாட்டினேன். சாமான் என்றால் அதற்கு ஓர் இடம் வேண்டும். சுவிட்சுப் பிடி அதற்கான இடமில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியுமா என்றால், தெரியும்.

வெளியே வரும்போது மிக்சர் ஓட்டுகிற சஜு எதிரே வந்தான். "அண்ணா, ஓட்டலாமா?" என்று கேட்டான்.

"கிளிப்பு உண்டான்னு பாத்துக்கிட்டு ஓட்டு மக்கா" என்றேன். அதுதானே சார் அஜீஷ் வகுத்த முறை.

கடையில் போய் உட்கார்ந்தேன். பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வேலை நேரத்தில் சூடாகச் சாயா குடித்தேன். சத்தம் கேட்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். ஆம்புலன்சில் ஏற்றும்போது அஜீஷின் தலைப்பக்கம் பிடித்தவன் நான்தான். வழியிலேயே போய்விட்டான்.

சஜுவை விட்டுவிடுங்கள். பக்கத்து அறையில் அவன் "கிளிப்பு இல்ல, கிளிப்பு இல்ல" என்று அழுகிறது இங்கே கேட்கிறது. அவன் சொல்வது உண்மை. நானும் சுவிட்சைத் தொடவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அஜீஷ் மேல் எனக்குப் பகையும் கிடையாது. அடக்கத்தன்று சர்ச்சில் முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீரு நிண்ணிருந்தா இது நடக்குமா ஜெயதாசே? இனி நீருதான் நிக்கணும்" என்றார். ஆள் நிற்பதுதான் முறை என்று இப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. ஒரு பையனுடைய உயிர் போய்ப் புரிய வேண்டியிருந்ததே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. மறுநாளிலிருந்து, நீங்கள் வந்து அழைக்கும்வரை, அங்கேதான் நின்றேன்.

சுவிட்சுப் பிடியில் கிளிப்பைப் பார்த்ததும் கை தன்னால் போய்விட்டது, ஒழுங்கு பண்ணுகிற பழக்கம், வேறொன்றுமில்லை.

பலகையின் கீழ்மூலையில், உளிக்குப் பக்கத்தில், கிளிப்பு அளவுக்குக் கறுப்பாக ஒரு வடிவம் இருக்கிறதே, அதை எப்போது வரைந்தாய் என்று கேட்கிறீர்கள். அஜீஷ் போனதற்கு முந்தின நாள் காலையில் வரைந்தேன் சார். ஈரப் பெயின்டின்மேல் நான் எந்தச் சாமானையும் மாட்டுவதில்லை.